19 பெண்களின் கையொப்பம்: நாவூ ஒத்தாசைச் சங்கமும் மறைவான பலதார மணமும்

ஏட்டுச்சுவடி எழுதியது:

மோர்மன் சபையில் ஒரு காலத்தில் பலதார மணம் வழக்கில் இருந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. 1852 ஆகஸ்ட் 29 அன்று சபையினர் பின்னாளில் குடியேறிய யூட்டாவின் சால்ட் லேக் நகரில் ஆர்சன் பிராட் அதைப் பகிரங்கமாக அறிவித்தார். அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த நாவூ நகரில், சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தும் அவருக்கு நெருக்கமான சிலரும் அதை மறைவாகக் கைக்கொண்டு வந்தார்கள் என்பதும், அந்த மறைவைக் காப்பதற்குப் பெண்களின் அமைப்பொன்று பயன்பட்டது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1842 மார்ச் 17 அன்று செங்கல்லால் கட்டப்பட்ட ஜோசப்பின் கடையின் மாடியறையில் 20 பெண்கள் கூடி, நாவூ பெண்கள் ஒத்தாசைச் சங்கத்தைத் தொடங்கினர். ஜோசப்பின் மனைவி எம்மா தலைவரானார். சாரா கிளீவ்லாந்தும் எலிசபெத் ஆன் விட்னியும் அவருடைய ஆலோசகர்கள். கவிஞர் எலைசா ஸ்னோ செயலாளர். எல்வைரா கவுல்ஸ் பொருளாளர். ஆலயம் கட்டும் தொழிலாளர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாம் என்று சாரா கிம்பலும் அவர் வீட்டில் தையல் வேலை செய்த மார்கரெட் குக்கும் பேசிக்கொண்டதே இதன் தொடக்கம்.

அதே ஆண்டு ஜூலையில், நாவூவின் மேயராக இருந்து சபையைவிட்டு விலகிய ஜான் பென்னட், ஜோசப்புக்குப் பல மனைவியர் இருப்பதாகப் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். பென்னட்டே 'ஆவிக்குரிய மனைவி' என்ற பேச்சைச் சொல்லிப் பெண்களை ஏமாற்றியவர் என்பதால் அவர் வாக்கை முழுவதும் நம்ப முடியாது. இருந்தாலும் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அக்டோபர் 1 இதழில் சபையின் 'டைம்ஸ் அண்ட் சீசன்ஸ்' ஏடு இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்றில் 12 ஆண்களும் மற்றொன்றில் ஒத்தாசைச் சங்கத்தின் 19 பெண்களும் கையொப்பமிட்டிருந்தனர். ஒருவனுக்கு ஒருத்தி என்று சபையின் சட்டநூலில் அச்சாகியிருக்கும் திருமண முறையைத் தவிர வேறெந்த முறையும் தங்களுக்குத் தெரியாது என்பதே இரண்டின் சாரம்.

அந்த 19 பேரில் எலைசா ஸ்னோ ஒருவர். அவர் அவ்வாண்டு ஜூன் 29 அன்றே ஜோசப்புக்கு மணம்முடிக்கப்பட்டவர். சாரா கிளீவ்லாந்து அந்தத் திருமணத்திற்குச் சாட்சியாக நின்றவர். எலிசபெத் விட்னியோ, ஜூலை 27 அன்று தம் 17 வயது மகள் சாரா ஆன், தந்தை நியூவல் விட்னியின் வாயாலேயே சடங்கு நடத்தப்பட்டு, ஜோசப்புக்கு முத்திரிக்கப்பட்டதை, அதாவது சபைச் சடங்கால் மணம்முடிக்கப்பட்டதை, அறிந்தவர். நியூவல் விட்னியும் ஆண்களின் அறிக்கையில் கையொப்பமிட்டிருக்கிறார். ஆக, சங்கத்தின் இரண்டு ஆலோசகர்களும் செயலாளரும் தெரிந்தே பொய்யுரைத்தார்கள் என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர எனக்கு வழி தெரியவில்லை. ஏழைகளுக்கு உதவத் தொடங்கப்பட்ட சங்கம், அமைந்த ஏழாவது மாதத்திற்குள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைக்கு, ஒரு திரையாக, அமர்த்தப்பட்டுவிட்டது.

நெய்தல்வாசகி எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்கள் தந்த தேதிகளில் எனக்கு மறுப்பில்லை. 'சங்கம் அமர்த்தப்பட்டது' என்ற சொல்லாட்சியில்தான் மறுப்பு. பத்தொன்பது பேரில் மூவரைக் காட்டிவிட்டுச் சங்கத்தின் மீதே பழியைச் சுமத்துகிறீர்கள். முதல் கையொப்பம் யாருடையது? எம்மாவினுடையது. இந்த மறைவு அவரிடமிருந்து காக்கப்பட்ட மறைவும்கூட என்பதை நீங்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லையே?

1842 ஆகஸ்ட் 18 அன்று, தம்மைக் கைதுசெய்ய வந்தவர்களிடமிருந்து ஒளிந்திருந்த ஜோசப், விட்னி தம்பதியருக்கும் அவர்கள் மகளுக்கும் தம் கைப்பட எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அன்றிரவே மூவரும் தம்மை வந்து பார்க்க வேண்டும், எம்மா எப்போது வருவார் என்பதை மட்டும் கவனமாக அறிந்துகொள்ள வேண்டும், அவர் வரும் வேளையில் வருவது பாதுகாப்பன்று, படித்ததும் கடிதத்தை எரித்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். தலைவியின் கணவர், அதே சங்கத்தின் ஆலோசகரிடம், தலைவியின் கண்ணில் படாமல் வரச் சொல்கிறார். எலைசா ஸ்னோவும் அந்த ஆகஸ்டில் எம்மாவின் அழைப்பின்பேரில் அவருடைய வீட்டிலேயே குடியேறியவர். அக்டோபர் அறிக்கையில் கையொப்பமிட்டபோது இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

ஏமாற்றப்பட்ட பெண்ணையும் ஏமாற்றியவர்களையும் 'சங்கம்' என்ற ஒரே சொல்லில் அடக்கினால், இந்த வரலாற்றின் நடுவே இருக்கும் மோதலே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 1844 மார்ச்சில் உறுப்பினர் எண்ணிக்கை 1,300ஐத் தாண்டியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த மறைவைப் பற்றி எதுவும் தெரியாது. கம்பளி நூலும் துணியும் மாவும் சேர்த்து, புதிதாகக் குடியேறி நோயில் விழுந்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்கள். 1843 கோடையில் நகரின் நான்கு வட்டங்களுக்கும் பெண்களை நியமித்து, வீடு வீடாகச் சென்று யாருக்கு என்ன தேவை என்று விசாரிக்க வைத்த அமைப்பை 'திரை' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது நியாயமா?

மூன்றாம்சாட்சி எழுதியது:

இருவருமே ஜோசப் ஸ்மித் பல மனைவியரை மணந்தார் என்பதை ஐயத்திற்கு இடமற்ற உண்மையாக எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எலைசா ஸ்னோ உள்ளிட்டோர் அளித்த சத்தியப் பிரமாணங்கள் 1869-ல், அதாவது சம்பவம் நடந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, பலதார மணத்தைத் தெய்வக் கட்டளை என்று போதித்துவந்த யூட்டாவில் திரட்டப்பட்டவை. ஜோசப்போ தம் மரணத்திற்கு ஒரு மாதம் முன்பு, 1844 மே 26 அன்று பொதுமேடையில், தமக்கு ஏழு மனைவியர் என்று குற்றஞ்சாட்டுகிறார்கள், தம் கண்ணுக்குத் தெரிவது ஒருத்திதான் என்று பேசினார். எம்மா 1879-ல் தம் மகனுக்கு அளித்த நேர்காணலிலும் தம் கணவருக்கு வேறு மனைவி இருந்ததில்லை என்றே சொன்னார். எம்மா அல்லாத பிற பெண்கள் வழியே ஜோசப்புக்குப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளின் வழித்தோன்றல்களிடம் மரபணுச் சோதனை நடத்தியபோது, சோதிக்கப்பட்டவர்களில் ஒருவரும் அவருடைய சந்ததி என நிறுவப்படவில்லை. விட்னிக் கடிதத்தில்கூட 'திருமணம்' என்ற பேச்சே இல்லை. எலைசா தம் நாட்குறிப்பை 1842 ஜூன் 29 அன்றுதான் தொடங்குகிறார்; அந்த நாள் தம் உணர்வுகளுக்கு முக்கியமானது என்கிறாரே அன்றித் தமக்குத் திருமணம் நடந்ததாக ஒரு வரியும் எழுதவில்லை. அப்படியானால் 19 பெண்களும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று ஏன் கொள்ளக் கூடாது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூன்றாம்சாட்சி அவர்களுக்கு: பிற்காலச் சாட்சியங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு அக்காலத்து ஆவணங்களை மட்டுமே வைத்துக்கொண்டு பேசலாம். அப்போதும் உங்கள் வாதம் நிற்காது.

ஜோசப்பின் எழுத்தரான வில்லியம் கிளேட்டன் தம் நாட்குறிப்பில் 1843 ஜூலை 12 அன்று எழுதியது இருக்கிறது. பல மனைவியரைப் பற்றி ஜோசப் சொன்ன வெளிப்படுத்தலை, அதாவது தெய்வவாக்கை, தாம் எழுதிக்கொண்டதையும், ஜோசப்பின் அண்ணன் ஹைரம் அதை எம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியதையும், அதில் ஒரு சொல்லையும் தாம் நம்பவில்லை என்று எம்மா கூறியதையும் அவர் அன்றைக்கே பதிந்திருக்கிறார். இது யூட்டாவில் எழுதப்பட்டதன்று.

இரண்டாவது சான்று இன்னும் வலுவானது. அக்டோபர் அறிக்கையில் கையொப்பமிட்ட 19 பெண்களில் ஜேன் லா என்பவரும் ஒருவர். அவருடைய கணவர் வில்லியம் லா அப்போது சபைத் தலைமையில் ஜோசப்புக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களில் ஒருவர். அதே ஜேன் லா, ஜோசப்பை எதிர்த்தவர்கள் 1844 ஜூன் 7 அன்று வெளியிட்ட 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' இதழில் பிரமாணம் செய்து எழுதுகிறார்: அந்த வெளிப்படுத்தலைத் தாம் படித்ததாகவும், ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அது வலுவாக ஆதரிப்பதாகவும், கணவனுக்கு இடங்கொடாத மனைவியை அது தேவனின் தண்டனைக்கு உள்ளாக்குவதாகவும். அதே இதழில் பிரமாணம் அளித்த மற்றொருவர் ஆஸ்டின் கவுல்ஸ். ஒத்தாசைச் சங்கத்தின் பொருளாளர் எல்வைராவின் தந்தை. இதழ் வந்த மூன்றாம் நாளே அச்சகம் நகர மன்றத்தின் ஆணைப்படி உடைத்தெறியப்பட்டது. அதன் தொடர்ச்சியாகவே ஜூன் 27 அன்று ஜோசப்பும் ஹைரமும் கார்தேஜ் சிறையில் கும்பலால் கொல்லப்பட்டனர். 1869-ஆம் ஆண்டு யூட்டா இதில் எங்கே வருகிறது?

மரபணுச் சோதனை பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசுமே அன்றித் திருமணத்தைப் பற்றிப் பேசாது. 1892-ல் மிசூரியின் ஆலய நிலம் குறித்த வழக்கில், எமிலி பார்ட்ரிஜ் உள்ளிட்ட மூன்று பெண்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டும், ஜோசப்பை மணந்தோம் என்ற தம் கூற்றிலிருந்து மாறவில்லை. 2014-ல் சபையே வெளியிட்ட கட்டுரையில், ஜோசப்பின் மனைவியர் 30 முதல் 40 பேர் வரை இருந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நெய்தல்வாசகி அவர்களுக்கு: ஜேன் லாவைப் போன்றவர்கள் 1842-ல் அறியாமல் கையொப்பமிட்டார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் அறியாதவர்களின் நற்பெயரை அறிந்தவர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள் அல்லவா? அதனால்தான் சங்கம் பயன்படுத்தப்பட்டது என்றேன். எலைசா ஸ்னோ பிற்காலத்தில் கொடுத்த விளக்கத்தையும் கேளுங்கள். தாம் கையொப்பமிட்டபோது தீர்க்கதரிசியின், அதாவது ஜோசப்பின், மனைவியாக இருந்ததை அவர் மறைக்கவில்லை. ஆனால் தாங்கள் மறுத்தது பென்னட்டின் ஒழுக்கக்கேட்டை மட்டுமே, தெய்வீகமான பலதார மணத்தை அந்த அறிக்கை தொடவே இல்லை என்று வாதிட்டார். படிக்கிற சாமானியர் ஒருவருக்கும் தோன்றாத பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் அறிக்கையில் கையொப்பமிடுவதற்குச் சாமர்த்தியம் வேண்டும். அதை நேர்மை என்று நான் சொல்ல மாட்டேன்.

பனையோலை எழுதியது:

பெரிய பெயர்களையே சுற்றி வருகிறோம். சங்கத்தின் இரண்டாவது கூட்டத்திலேயே, 1842 மார்ச் 24 அன்று, ஒரு பெண்ணை விசாரித்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. கிளாரிசா மார்வெல் என்பது அவர் பெயர். ஜோசப்பைப் பற்றியும், அவருடைய மறைந்த தம்பி டான் கார்லோசின் விதவையான ஆக்னஸைப் பற்றியும் அவதூறு பேசினார் என்பது குற்றச்சாட்டு. தலைமையில் இருந்தவர் எம்மா. அவதூறு பேசியவரை மனந்திரும்பச் செய்ய வழி காண வேண்டும் என்று அவர் சொல்ல, அவரிடம் யார் போய்ப் பேசுவது என்று ஆலோசனை நடக்கிறது. அப்போது ஆக்னஸ் எழுந்து, கிளாரிசா ஏறத்தாழ ஓராண்டு தம்முடன் வாழ்ந்தவர், அவரிடம் தாம் எந்தக் குறையும் கண்டதில்லை என்கிறார். இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் எலைசா ஸ்னோ.

ஆக்னஸ் அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஜோசப்புக்கு முத்திரிக்கப்பட்டுவிட்டார் என்பதை ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். அப்படியானால் கிளாரிசா பேசியது வதந்தியன்று, நடந்த விஷயமே. ஏப்ரல் தொடக்கத்தில் அவரிடமிருந்து ஓர் எழுத்துப்பூர்வமான மறுப்பு பெறப்பட்டது: ஜோசப் ஸ்மித்திடமோ ஆக்னஸிடமோ தகாத நடத்தை எதையும் தாம் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்று. கையொப்பமிட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கிறது.

எம்மா ஏமாற்றப்பட்டவர் என்று நெய்தல்வாசகி அம்மா சொல்வதை நானும் ஏற்கிறேன். ஆனாலும் தலைவரின் பெயரைக் காக்கச் சங்கத்தின் அதிகாரத்தை ஓர் ஏழைப் பெண்ணின் மீது செலுத்தியவர் அதே எம்மாதான்.

நெய்தல்வாசகி எழுதியது:

பனையோலை அவர்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. ஆனால் என் பார்வையில் அது என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பைச் சங்கத்திற்குக் கொடுத்தது ஜோசப். ஏழைகளுக்கு உதவுவதற்கு மட்டுமல்ல, ஆத்துமாக்களை இரட்சிக்கவும் இச்சங்கம் இருக்கிறது என்று 1842 ஜூனில் அவரே பேசினார். மார்ச் 31 தேதியிட்டு அவரும், பின்னாளில் சபைத் தலைவரான பிரிகாம் யங் முதலானோரும் சங்கத்திற்கு ஒரு கடிதமும் எழுதினார்கள். சபைத் தலைவர்களின் அனுமதி உண்டு என்று சொல்லிக்கொண்டு பெண்களைக் கெடுக்க வருபவர்களை நம்பாதீர்கள், அப்படிச் சொல்பவன் தீர்க்கதரிசியாகவே இருந்தாலும் நம்பாதீர்கள் என்பது அதன் கருத்து. எம்மா அதை எழுத்துக்கு எழுத்து நம்பினார். கொடுத்தவர் எதிர்பாராத திசையில் அந்த அதிகாரத்தை அவர் திருப்பியதுதான் அடுத்து நடந்தது.

1843 மே மாதத்தில் எமிலி, எலைசா பார்ட்ரிஜ் என்ற இரு சகோதரிகளை ஜோசப் மணக்க எம்மா சம்மதித்தார் என்பது உண்மை. ஆனால் அவ்விருவரும் மார்ச் மாதத்திலேயே எம்மாவுக்குத் தெரியாமல் மணம்முடிக்கப்பட்டிருந்ததால், அவர் முன்னிலையில் சடங்கு மறுபடியும் நடத்திக் காட்டப்பட்டது. தெரியாத ஒன்றுக்குச் சம்மதம் பெறுவது இப்படித்தான். சில வாரங்களிலேயே அவர் மனம் மாறியது. ஜூலையில் வெளிப்படுத்தலை நிராகரித்தார்.

1844 மார்ச் 9-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் நாளுக்கு இரண்டாக நான்கு கூட்டங்களை எம்மா நடத்தினார். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் கொள்ள அந்த மாடியறையில் இடமில்லை. ஹைரமின் மீதும் நாவூ பெண்களின் மீதும் ஒருவன் அவதூறு பேசியதைக் கண்டிப்பது வெளிப்படையான நோக்கம், அதற்காக டபிள்யூ. டபிள்யூ. ஃபெல்ப்ஸ் எழுதிய கண்டன அறிக்கை படிக்கப்பட்டது. அதனோடு, இரண்டாண்டுகளுக்கு முன்பு ஜோசப் கையொப்பமிட்டு அனுப்பிய அந்த எச்சரிக்கைக் கடிதத்தையும் எம்மா எடுத்துப் படித்தார். ஜோசப் மேடையிலிருந்து பகிரங்கமாகப் போதிப்பதைப் பின்பற்றுங்கள் என்று பெண்களுக்கு அறிவுறுத்தினார். பகிரங்கமாக அவர் போதித்தது ஒருவனுக்கு ஒருத்தி. தனியே போதிப்பதைப் பின்பற்ற வேண்டாம் என்று இதைவிடத் தெளிவாக, கணவரை நேரடியாகக் குற்றஞ்சாட்டாமல், ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? அக்கூட்டங்களுக்கு வந்த பலருக்கு அது புரியாமல் போயிருக்கலாம். புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது.

மார்ச் 16-க்குப் பிறகு சங்கம் நாவூவில் கூடவே இல்லை. மறு ஆண்டு மார்ச்சில் பிரிகாம் யங், தாம் அழைக்கும்வரை பெண்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கடுமையாகப் பேசித் தடுத்துவிட்டார். எம்மா தம் பதவியைப் பயன்படுத்தி, பலதார மணத்திற்கு எதிராகச் சகோதரிகளின் மனத்தைத் திருப்ப முயன்றார் என்று சபைத் தலைவர்களில் ஒருவரான ஜான் டெய்லர் பிற்காலத்தில் காரணமும் சொன்னார். ஏட்டுச்சுவடி அவர்களே, ஒரு திரையை யாரும் இப்படி அவசரமாகக் கழற்றி எறிவதில்லை. அது அவர்களுக்கு ஆபத்தாக மாறியதால்தான் மூடப்பட்டது.

மூன்றாம்சாட்சி எழுதியது:

கிளேட்டனின் நாட்குறிப்பையும் ஜேன் லாவின் பிரமாணத்தையும் பற்றி: முன்னது ஜோசப்பின் எழுத்தர் எழுதியது, பின்னது அவருடைய எதிரிகளின் ஏட்டில் வந்தது என்பதால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பது என் கருத்து. இரண்டும் ஒரே ஆவணத்தைக் குறிக்கின்றன என்ற உங்கள் வாதத்தின் வலிமையை மறுக்கவில்லை. எம்மாவின் 1879 மறுப்பு மட்டும் எனக்குத் தடையாக நிற்கிறது. நெய்தல்வாசகி வரையும் எம்மா, நான்கு கூட்டங்களைக் கூட்டித் துணிந்து எதிர்த்தவர். அப்படிப்பட்டவர் சாகும் தறுவாயில் மகனிடம் பொய் சொன்னார் என்றால், 1842-ல் எலைசா செய்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

நெய்தல்வாசகி எழுதியது:

வேறுபாடு உண்டு. மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித், பலதார மணத்தை எதிர்த்து மறுசீரமைக்கப்பட்ட சபையின் தலைவர். அவர் கேட்ட கேள்விகளுக்கு 'ஆம்' என்று பதில் சொன்னால் அவருடைய வாழ்க்கைப் பணியே சரிந்துவிடும். தாய் மகனைக் காத்தார் என்பது என் கருத்து. எலைசா காத்தது ஓர் அமைப்பின் இரகசியத்தை. இரண்டும் பொய்தான் என்று நீங்கள் சொன்னால், ஆம், இரண்டும் பொய்தான். ஆனால் இரண்டாலும் யார் பயன்பெற்றார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மகனைக் காக்கச் சொன்ன பொய்க்குச் சலுகை தரும் நீங்கள், மணந்தவரைக் காக்க எலைசா சொன்ன பொய்க்கு ஏன் தர மறுக்கிறீர்கள்? 1842-ல் ஜோசப்பைப் பிடித்துப்போக மிசூரி அரசின் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பாதுகாப்புக் கோரி ஏறத்தாழ ஆயிரம் பெண்கள் கையொப்பமிட்ட மனுவை எம்மாவும் எலைசாவும் அமாண்டா ஸ்மித்தும் குவின்சிக்குக் கொண்டுபோய் ஆளுநர் கார்லினிடம் நேரில் கொடுத்ததும் அதே ஜூலையில்தான். எலைசாவும் அச்சத்தின் நடுவேதான் கையொப்பமிட்டார். நான் அவரைக் கண்டிப்பதற்குக் காரணம் அவர் தீயவர் என்பதன்று. அறியாத பெண்களையும் தம் பொய்க்குப் பக்கத்தில் நிற்க வைத்தார் என்பதுதான்.

சங்கம் மூடப்பட்டதற்கு நீங்கள் சொன்ன காரணத்தை ஏற்கிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. எலைசா நாவூ குறிப்பேட்டைத் தம்முடன் மேற்கே எடுத்துச் சென்றார். 1860களின் பிற்பகுதியில் பிரிகாம் யங் அவரையே அழைத்து யூட்டா முழுவதும் ஒத்தாசைச் சங்கங்களை மீண்டும் அமைக்கச் சொன்னபோது, அந்தக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனார். 1870 ஜனவரி 13 அன்று பலதார மணத்தைத் தண்டிக்கும் கல்லம் மசோதாவை எதிர்த்துச் சால்ட் லேக் கூடாரம் என்ற வழிபாட்டு மண்டபத்தில் ஏறத்தாழ 5,000 பெண்கள் திரண்டார்கள்; ஒத்தாசைச் சங்கத்தின் தலைவிகள்தான் அதை முன்னின்று நடத்தினார்கள். பேசியவர்களில் சாரா கிம்பலும் ஒருவர். 1842-ன் தொடக்கத்தில் ஜோசப் பலதார மணத்தைத் தமக்கு விளக்கியபோது, வேறு யாருக்காவது போதியுங்கள் என்று மறுத்து அனுப்பியதாகத் தாமே பின்னாளில் சொன்னவர் அவர். தம் கணவருக்கு ஒரே மனைவியாகவே வாழ்ந்தவர். அப்படி இருந்தும் அன்று வெளியே ஒரு சொல்லும் பேசாமல், அடுத்த சில வாரங்களில் சட்டை தைக்கும் யோசனையோடு சங்கத்தின் தொடக்கத்திற்குக் காரணமானார். 28 ஆண்டுகளுக்குப் பின் அதே கொள்கைக்காக மேடையேறினார். எம்மாவின் சங்கமா, எலைசாவின் சங்கமா என்று நீங்கள் பிரிக்கும் கோடு சாரா கிம்பலை எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறது என்று சொல்லுங்கள்.

நெய்தல்வாசகி எழுதியது:

1870 கூட்டத்தை 1842 அறிக்கையின் தொடர்ச்சியாகக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. 1842-ல் பெண்கள் மறுத்தார்கள். 1870-ல் தங்கள் பெயரில், செய்தியாளர்கள் முன்னிலையில், ஆம், எங்கள் மணமுறை இதுதான் என்று சொன்னார்கள். அதற்கு அடுத்த மாதமே, பிப்ரவரி 12 அன்று, யூட்டா பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். 1887-ல் பலதார மணத்தை ஒடுக்கும் சட்டத்தால் காங்கிரஸ் அதைப் பறித்தது. அந்தக் கொள்கையை நான் ஆதரிக்கவில்லை. பகிரங்கமாகப் பேசத் தடையில்லாத இடத்தில் அப்பெண்கள் என்ன பேசினார்கள் என்பதை, பேசவே முடியாத நாவூவில் அவர்களிடம் வாங்கிய கையொப்பத்தோடு சேர்த்து எடைபோடக் கூடாது என்கிறேன். சாரா கிம்பல் இரண்டு பக்கத்திலும் நிற்கிறார். கிளாரிசா மார்வெலை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்பதற்கு நம் இருவரிடமும் பதில் இல்லை. பனையோலை அவர்கள்தான் அதைத் தொடர வேண்டும்.